வாசகர் கேள்வி: மாட்டுத் தலையிலிருந்து ஓர் எழுத்து

கேள்வி: ஐயா, எழுத்துகளை முதன்முதலில் உருவாக்கியவர்கள் பண்டிதர்களா, அரசர்களா? மகள் கேட்கிறாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
- வாசகி, ஆரையம்பதி

பதில்: இருவருமே இல்லை என்பதுதான் என் முடிவு, தங்கச்சி. மகளிடம் அதை அழுத்திச் சொல்லுங்கள். எகிப்தியப் பண்டிதர்களிடம் நூற்றுக்கணக்கான குறிகள் கொண்ட சித்திர எழுத்து இருந்தது. கற்றுத்தேற ஆண்டுகள் பிடிக்கும். அதைச் சுருக்கவேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை.

எகிப்தின் சினாய்ப் பாலைவனத்தில் செராபித் எல்-காதிம் என்றோர் இடம். எகிப்தியர் நீலப்பச்சைக் கல் தோண்டிய சுரங்கங்கள் அங்கே இருந்தன. ஏறக்குறைய கி.மு. 1800 அளவில் கானான் நாட்டு மக்களும் அங்கே வந்து வேலை செய்தனர். 1905இல் அகழ்வாய்வாளர் பிளிண்டர்ஸ் பெற்றி அங்கே சில விசித்திரமான கல்வெட்டுகளைக் கண்டார். 1916இல் எகிப்திய எழுத்து அறிஞர் அலன் கார்டினர், அவற்றில் திரும்பத் திரும்ப வந்த நான்கு குறிகளை வாசித்துக் காட்டினார்: வீடு, கண், மாடோட்டும் கோல், சிலுவைக் குறி. அவர்கள் மொழியில் வீடு 'பேத்'. அதன் முதல் ஒலியை மட்டும் எடுத்தால் 'ப்'. இப்படியே நான்கையும் கூட்டினால் 'பஅலத்', தலைவி என்று வந்தது. அங்கே ஹாதோர் தேவியின் கோயில் இருந்ததால் பொருளும் பொருந்தியது.

சித்திர எழுத்து வாசிக்கத் தெரியாத தொழிலாளரே, படத்தின் முதல் ஒலியை மட்டும் எடுக்கும் இந்த எழுத்தை உருவாக்கினர் என்று ஆய்வாளர் ஓர்லி கோல்ட்வாசர் வாதிடுகிறார். எகிப்தின் வாடி எல்-ஹோல் பாறைகளில் கிடைத்த இதே வகை எழுத்தைக் கொண்டு, படைவீரரிடையே பிறந்தது என்போரும் உண்டு. நான் சுரங்கத்தின் பக்கம். மட்டக்களப்பு நகர அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்துச் சோறு உண்டவன் நான்; கைத்தொழிலாளியின் மூளை எவ்வளவு தூரம் போகும் என்று கண்டிருக்கிறேன்.

ஆங்கில 'ஏ' என்ற பெரிய எழுத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். இரண்டு கொம்புகளோடு ஒரு மாட்டுத் தலை தெரியும். சினாயில் மாட்டுத் தலையாக இருந்தது, இன்றைய லெபனான் கரையில் வாழ்ந்த பினீசியரின் 22 எழுத்துகளில் முதலாவதாகி, கிரேக்கரிடம் உயிரெழுத்தாக மாறியது. பினீசியர் மெய்களை மட்டுமே எழுதினர். தங்கள் மொழிக்குத் தேவைப்படாத சில மெய்க்குறிகளை உயிர்களுக்கு ஒதுக்கியவர்கள் கிரேக்கர். மகளிடம் ஒரு பென்சிலைக் கொடுத்து அந்த மாட்டை வரையச் சொல்லுங்கள்.

கேள்வி: வலமிருந்து எழுதும் அரபுக்கும் இடமிருந்து எழுதும் தமிழுக்கும் உறவு இருக்க முடியுமா?
- வாசகர், காத்தான்குடி

பதில்: முடியும், தம்பி. பினீசிய எழுத்தின் ஒரு கிளை அரமேயம். அது நபத்தேயர் என்ற பழைய அரபு மக்கள் வழியாக அரபு எழுத்தானது. இந்தியாவின் பழைய எழுத்தான பிராமியும் அரமேயத்தைப் பார்த்தே உருவானது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இந்திய மண்ணிலேயே தனியாகப் பிறந்தது என்போரும் உள்ளனர். தமிழ், சிங்களம் இரண்டின் எழுத்துகளும் பிராமி வழி வந்தவை. பலர் சொல்வது சரியானால், உங்கள் ஊரில் கண்ணில் படும் தமிழ், சிங்களம், ஆங்கிலம், அரபு நான்குமே ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள்.

திசை ஒரு தடையே அல்ல. பழைய கிரேக்கர் ஒரு வரியை இடமிருந்தும் அடுத்ததை வலமிருந்தும் எழுதினர். ஆந்திராவின் எர்ரகுடியில் அசோகரின் கல்வெட்டொன்றிலும் சில வரிகள் அப்படித் திரும்பி ஓடுகின்றன. நம் பகுதியில் பிராமியைக் கண்ணால் காண விரும்பினால் அம்பாறை மாவட்டத்து இராஜகல மலைக்குப் போங்கள். இலங்கைக்குப் பௌத்தம் கொண்டுவந்த மகிந்த தேரரின் பெயர் சொல்லும் கல்வெட்டு அங்கே இருக்கிறது.

இன்னொன்று. அரபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புதிய குறிகள் சேர்த்து, நம் முஸ்லிம் முன்னோர் அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத் தமிழில் நூல்கள் எழுதினர். உங்கள் வீட்டுப் பெட்டியில் அப்படி ஒரு பழைய நூல் இருந்தால், தயவுசெய்து பழைய தாளென்று எறிந்துவிடாதீர்கள்.

கேள்வி: ஆங்கிலத்துக்கு 26 போதும். நமக்கு ஏன் 247?
- மாணவன், திருக்கோவில்

பதில்: படிக்கவேண்டியது 247 அல்ல, மகன். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், பிறகு சில துணைக்குறிகள். மீதி 216உம் இவற்றின் சேர்க்கை. மெய்யின் தலையில் ஒரு புள்ளி வைத்தால் உயிர் நீங்கும் என்ற ஏற்பாட்டைத் தொல்காப்பியமே சொல்கிறது. அச்சகத்து எழுத்துப் பெட்டியில் அறைகள் அதிகம்தான், கை வலித்ததும் உண்மைதான். ஆனால் எழுதியதை எழுதியபடியே பெரும்பாலும் வாசித்துவிடலாம். ஆங்கிலத்தில் அந்த வசதி எங்கே இருக்கிறது?