புது போன் கேமராவைப் பயணத்தில் சோதிப்பது எப்படி? பழுது எது, குணம் எது?

கேள்வி: மூன்று கேமரா உள்ள ஒரு போனை ஆன்லைனில் வாங்கி இரண்டு நாள் ஆகிறது. மாற்றித் தரும் காலம் 7 நாள். நாளை காலை கோவையிலிருந்து குடும்பத்தோடு தஞ்சாவூர், தாராசுரம், ராமேஸ்வரம் என்று நான்கு நாள் பயணம் கிளம்புகிறோம். பழைய போனில் எல்லாப் படத்திலும் ஒரு மூலை மங்கலாக இருந்ததை ஆறு மாதம் கழித்துத்தான் கவனித்தேன். இந்த முறை போகிற வழியிலேயே கேமராவை முறையாகச் சோதித்துவிட வேண்டும். எங்கே, எதை, எப்படிப் பார்ப்பது?

பதில்: உங்கள் கணக்குப்படி ஊர் திரும்பும்போது கையில் ஒரே ஒரு நாள்தான் மிச்சம் இருக்கும். அதனால் சோதனையைக் கோயில் வாசலில் போய்த் தொடங்காதீர்கள். நீங்கள் பயப்படும் மூலை மங்கல், இன்று இரவு வீட்டுச் சுவரிலேயே தெரிந்துவிடும். வீட்டில் பிடிபடாத பழுதுகளையும் அந்தக் கேமராவின் குணத்தையும் வழியில் பார்த்துக்கொள்ளலாம். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பழுது என்றால் இடமும் வெளிச்சமும் மாறினாலும் படத்தின் அதே மூலையில், அதே மாதிரி திரும்பத் திரும்ப வரும். குணம் சூழலைப் பொறுத்து வரும், போகும். பழுதுக்குத்தான் போனை மாற்றிக் கேட்க முடியும்.

முதலில் லென்ஸ் மேல் கடைக்காரர் ஒட்டிக்கொடுத்த கண்ணாடி இருந்தால் உரித்துவிடுங்கள். இரவு விளக்குகளைச் சுற்றிப் புகை மாதிரி படருவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். லென்ஸை மூக்குக்கண்ணாடித் துணியால் துடையுங்கள். மென்பொருள் அப்டேட் நிலுவையில் இருந்தால் இன்றே முடித்துவிடுங்கள். ஃபோகஸ், நிறக் குறைகள் சிலவற்றை நிறுவனங்கள் அப்டேட்டில்தான் சரிசெய்கின்றன. பியூட்டி, ஃபில்டர், வாட்டர்மார்க் மூன்றையும் அணைத்து வையுங்கள். 50 மெகாபிக்சல் மோடுக்குப் போகாமல், போன் தானாக எடுக்கும் சாதாரண மோடிலேயே சோதியுங்கள். அதில் நான்கு பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத் தரும். நீங்கள் தினமும் எடுக்கப்போவதும் அந்தப் படத்தைத்தான்.

இன்று இரவு: நான்கு செய்தித்தாள்

விரித்த செய்தித்தாள் நான்கைச் சுவரில் மேலே இரண்டு, கீழே இரண்டாக, சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். சுமார் 140 செ.மீ. அகலமும் 110 செ.மீ. உயரமும் வரும். மெயின் கேமரா, அதாவது 1எக்ஸ், ஏறக்குறைய 1 மீட்டர் தூரத்தில் இந்த அளவைத்தான் முழுதாகப் பிடிக்கும். அறையில் இருக்கிற விளக்கு எல்லாவற்றையும் போடுங்கள். புத்தக அடுக்கின் மேல் போனைப் படுக்கைவசமாக நிறுத்தி, 3 விநாடி டைமர் வைத்து மூன்று படம் எடுங்கள். தாளின் ஓரமும் திரையின் ஓரமும் இணையாக ஓட வேண்டும்.

படத்தைப் பெரிதாக்கி நான்கு மூலைகளிலும் செய்தியைப் படித்துப் பாருங்கள். நடுவைவிட மூலை கொஞ்சம் மங்குவது எல்லா லென்ஸுக்கும் உள்ளதுதான். நான்கு மூலையும் ஏறக்குறைய ஒரே அளவில் மங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். மூன்று மூலையில் ‘ண’வும் ‘ன’வும் தனித்தனியாகத் தெரிந்து, ஒன்றில் மட்டும் சுழி எத்தனை என்றே தெரியாமல் குழைந்திருந்தால் சந்தேகப்படலாம்.

சந்தேகம் வந்தால் போனைத் தலைகீழாகத் திருப்பி அதே இடத்தில் வைத்து மறுபடி எடுங்கள். படம் எப்படியும் நேராகத்தான் பதிவாகும். முதல் படத்தில் வலது மேல் மூலை மங்கலாக இருந்து, இரண்டாவதில் இடது கீழ் மூலைக்கு மாறியிருந்தால், மங்கல் போனோடு சேர்ந்து சுற்றியிருக்கிறது. லென்ஸ் உள்ளே சாய்வாக உட்கார்ந்திருக்கிறது. இது பழுதுதான், கிளம்புவதற்கு முன்பே மாற்றக் கோரிக்கை போட்டுவிடலாம். இரண்டு படத்திலும் அதே வலது மேல் மூலைதான் மங்கல் என்றால், போன் சுவருக்கு இணையாக இல்லை, அல்லது தாள் அங்கே உப்பியிருக்கிறது. அல்ட்ராவைடுக்கு, அதாவது அகலமான காட்சியைப் பிடிக்கும் 0.6எக்ஸ் கேமராவுக்கு, இதே சோதனையைச் சுமார் அரை மீட்டரில் செய்யுங்கள். அதன் மூலைகள் மெயினைவிடக் கூடுதலாகவே மங்கும். அங்கேயும் நான்கும் சமமா என்பதுதான் கணக்கு.

டெலி லென்ஸை, அதாவது தொலைவில் உள்ளதை நெருக்கிக் காட்டும் 3எக்ஸ் கேமராவை, வீட்டுக்குள் சோதிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. வெளிச்சம் குறைந்தாலோ பொருள் பக்கத்தில் இருந்தாலோ, நீங்கள் 3எக்ஸ் அழுத்தினாலும் பல போன்கள் மெயின் கேமராவின் படத்தை வெட்டிப் பெரிதாக்கிக் கொடுத்துவிடும். எந்த லென்ஸ் வேலை செய்கிறது என்று தெரிய, 3எக்ஸில் வைத்து டெலி லென்ஸை விரலால் மூடுங்கள். திரை இருண்டால் டெலி. இருளாவிட்டால் மெயின். படம் எடுத்த பிறகும் பார்க்கலாம்: கூகுள் போட்டோஸில் படத்தை மேலே தள்ளினால் ஷட்டர் வேகம், ஐ.எஸ்.ஓ., லென்ஸின் மி.மீ. அளவு எல்லாம் வரும். உங்கள் மூன்று லென்ஸுக்கும் என்ன மி.மீ. காட்டுகிறது என்று குறித்துவைத்துக்கொண்டால், பயணம் முழுக்க உதவும்.

தஞ்சாவூரும் தாராசுரமும்

பெரிய கோயில் கிழக்குப் பார்த்தது. காலையில் உள்ளே நுழையும்போது வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். 216 அடி விமானம் முழுக்க வெளிச்சம் விழும். டெலிக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. நந்தி மண்டபத்தின் பக்கத்தில் நின்று விமானத்தின் மேல் தளத்துச் சிற்பம் ஒன்றை 1எக்ஸிலும் 3எக்ஸிலும் எடுங்கள். 1எக்ஸ் படத்தை அதே அளவுக்குப் பெரிதாக்கிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டெலிப் படத்தில் சிற்பத்தின் விளிம்பு தெளிவாகக் கூடுதலாகத் தெரிய வேண்டும். வித்தியாசமே இல்லை என்றால் முதலில் விரல் சோதனை. டெலிதான் வேலை செய்கிறது என்று உறுதியான பிறகும் மங்கலாக இருந்தால், ஃபோகஸில் கோளாறு இருக்கலாம். பக்கத்துத் தூண் ஒன்றைத் தொட்டு ஃபோகஸ் செய்து எடுங்கள், உடனே விமான உச்சியைத் தொட்டு எடுங்கள். மாறி மாறிப் பத்து முறை. ஒன்று தவறினால் விட்டுவிடலாம். மூன்று, நான்கு தவறினால், அதுவும் தொலைவில் மட்டும் தவறினால், அந்தப் படங்களை அழிக்காமல் வையுங்கள்.

இங்கே பலர் பழுது என்று பயப்படும் ஒன்று, விமானம் பின்னால் சாய்வது. உயரமான கட்டடத்தைக் கீழே நின்று போனை அண்ணாந்து பிடித்து எடுத்தால் எந்தக் கேமராவிலும் அப்படித்தான் வரும், அல்ட்ராவைடில் இன்னும் அதிகமாக. பின்னால் தள்ளிப் போய், போனை நேராகப் பிடித்தால் குறையும். அதேபோல ஒரே கல் 0.6எக்ஸில் மஞ்சளாகவும் 3எக்ஸில் சாம்பலாகவும் வருவது லென்ஸுக்கு லென்ஸ் மாறும் நிறக் குணம். உறுத்தும் அளவுக்கு இருந்தால் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

மாலையில் வெயில் விமானத்துக்குப் பின்னால் போய்விடும். எச்.டி.ஆர்., அதாவது பளிச்சென்ற இடமும் நிழலும் ஒரே படத்தில் தெரியவைக்கும் வசதி, எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க அதுதான் நேரம். விமானத்தின் விளிம்பை ஒட்டி வெள்ளைக் கோடு மாதிரி ஒளிவட்டம் வருகிறதா, பிராகாரத்தில் நடப்பவர்களுக்கு இரண்டு நிழலுருவம் விழுகிறதா என்று பாருங்கள். அடுத்தடுத்து எடுத்த பல படங்களைப் போன் ஒன்றாக ஒட்டுவதால் வருவது இது. விளக்கு போட்ட பிறகு படத்தில் பச்சைப் புள்ளி தெரிந்தால், போனை மெல்ல நகர்த்துங்கள். விளக்கு இடப்பக்கம் போகப் புள்ளி வலப்பக்கம் போனால், அது லென்ஸுக்குள் நடக்கும் எதிரொளிப்பு. ஏறக்குறைய எல்லாப் போனிலும் உண்டு. துடைத்த பிறகும் படம் முழுக்கப் பனிமூட்டமாக இருந்தால் விஷயம் வேறு. லென்ஸ் கண்ணாடிக்கு உள்புறம் ஈரமோ அழுக்கோ இருக்கலாம். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் கண்ணாடியின் வெளிப்புறம் வியர்ப்பது சில நிமிடத்தில் தானாகப் போய்விடும். போகாமல் உள்ளே தங்கினால் பழுது. நைட் மோடுக்கு முக்காலி தேட வேண்டாம். தொல்லியல் துறை இடங்களில் அதற்கு அனுமதி வாங்க வேண்டும். திண்ணையிலோ தூணிலோ முழங்கையை ஊன்றி எடுத்தால் போதும்.

தாராசுரத்தில் நெருங்கி எடுக்கப் பழகுங்கள். ராஜகம்பீரன் திருமண்டபத்தின் கல் சக்கரத்துக்குப் போனதும் எல்லாரும் 10 செ.மீ. வரை போனைக் கொண்டுபோவார்கள். பெரிய சென்சார் உள்ள மெயின் கேமராக்கள் பல 15, 20 செ.மீ.க்குள் ஃபோகஸ் ஆகாது. அப்போது போன் சத்தமில்லாமல் அல்ட்ராவைடுக்கு மாறி மேக்ரோ எடுக்கும். திரையில் காட்சி ஒரு முறை குதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் படம் பெரும்பாலும் சுமாராகவே இருக்கும். சக்கரத்தின் ஆரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி நின்று 2எக்ஸில் எடுத்துப் பாருங்கள், உளி பட்ட தடம்கூடத் தெரியும். நடு மட்டும் தெளிவாக இருந்து ஓரம் மங்கினால் பயப்பட வேண்டாம். பக்கத்திலிருந்து எடுக்கும்போது ஃபோகஸின் ஆழம் அவ்வளவுதான்.

கும்பகோணத்தில் பூக்கடையிலோ பட்டுக்கடையிலோ நிறத்தைப் பார்த்துவிடலாம். அரக்குச் சிவப்பும் ராணிப் பிங்க்கும் கேமராவுக்குக் கஷ்டமான நிறங்கள். சேலையின் மடிப்பு நிழல் மறைந்து ஒரே சிவப்புப் பூச்சாக வந்தால் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுங்கள். கடையில் எல்.இ.டி. விளக்குக்குக் கீழே கறுப்புப் பட்டைகள் ஓடினால் கேமரா கெட்டுப்போகவில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சாதாரண விளக்குகள் பல விநாடிக்கு 100 முறை துடிக்கும். அளவுகளை நாமே வைக்கும் ப்ரோ மோடில் ஷட்டரை 1/100 அல்லது 1/50 வைத்தால் பட்டை போய்விடும்.

ராமேஸ்வரம்: கடல்தான் நல்ல அளவுகோல்

நீண்ட பிராகாரத்தில் இருட்டுப் படம் எடுக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். ராமேஸ்வரம் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. வேலை தனுஷ்கோடியில் இருக்கிறது. அரிச்சல்முனைக்கு வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். பிறகு கானல் எழுந்து தொலைவே நடுங்கும்.

தொடுவானத்தைப் படத்தின் நடுவில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓடவிட்டு, மூன்று லென்ஸிலும் ஐந்தைந்து படம் எடுங்கள். செய்தித்தாளில் போன் இணையாக இருந்ததா என்ற சந்தேகம் கொஞ்சம் இருந்திருக்கும். இங்கே அது இல்லை. கோடு முழுவதும் லென்ஸுக்கு ஒரே தொலைவுதான். இடது ஓரம் கூர்மை, வலது ஓரம் மங்கல் என்று ஐந்து படத்திலும் வந்தால் பழுது உறுதி. டெலி லென்ஸின் சாய்வைப் பார்க்க இதுதான் சரியான இடம். அடுத்து மேகமில்லாத வானத்தை மூன்று முறை, போனை நகர்த்தி நகர்த்தி எடுங்கள். சாம்பல் புள்ளி மூன்றிலும் ஒரே இடத்தில் இருந்தால் உள்ளே தூசி.

வெயிலில் 4கே வீடியோவைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். நிமிடத்துக்கு 170 முதல் 350 எம்.பி. வரை பிடிக்கும், அதனால் 4 ஜி.பி. காலியாக இருக்கட்டும். திரை மங்குவது இயல்பு. எத்தனையாவது நிமிடத்தில் பதிவு நிற்கிறது என்று பாருங்கள். இரண்டு, மூன்று நிமிடத்திலேயே நிழலில்கூட நின்றால் கேட்க வேண்டிய விஷயம். சூடான போனை ஐஸ் பெட்டிமேல் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் கட்டிவிடும். மணல் பட்ட லென்ஸை உடனே துடைத்தால் கீறல் விழும். ஊதித் தட்டிவிட்டு, நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த துணியால் துடையுங்கள். தண்ணீர், தூசி தாங்கும் என்பதற்கான ஐ.பி.68 தரம் என்று போட்டிருந்தாலும் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடந்தது. உப்புத்தண்ணீருக்கு அது உத்தரவாதமில்லை.

வாடகை பைக் எடுத்தால் போனை ஹேண்டில்பார் ஸ்டாண்டில் மாட்டவே மாட்டாதீர்கள். கை நடுக்கத்தைச் சமாளிக்க லென்ஸ் உள்ளே மிதந்தபடி இருக்கிறது. எஞ்சின் அதிர்வு அந்த அமைப்பைக் கெடுக்கும் என்று 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. நல்ல போனை அங்கே கொண்டுபோய்க் கெடுத்துவிட்டால் வாரன்டியும் கை கொடுப்பது கடினம். கேமரா அணைந்திருக்கும்போது போனை ஆட்டினால் கேட்கும் ‘கடக்’ ஓசை அந்த மிதக்கும் லென்ஸுடையது, அது பழுதல்ல. கேமராவைத் திறந்த பிறகும் படம் தானாக நடுங்கினால், அல்லது விர்ரென்று ஓசை வந்தால்தான் பழுது.

பழுது என்று தோன்றினால் வேறொரு கேமரா ஆப் போட்டு அதே காட்சியை எடுங்கள். அதிலும் அதே மூலை, அதே புள்ளி என்றால் வன்பொருள்தான். ஒரே குறை தெரியும் ஐந்து படங்களைத் தனி ஃபோல்டரில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆதாரமும் போய்விடும், ‘டாக்குமென்ட்’டாக அனுப்புங்கள். மாற்றக் கோரிக்கையை ஊர் திரும்பும்வரை தள்ளிப் போடாமல், குறை உறுதியான அன்றே ஆப்பில் பதிவு செய்யுங்கள். போனை ஒப்படைப்பதற்கு முன் பயணப் படங்களை வேறிடத்தில் நகல் எடுத்துவிட்டு, அதன் பிறகே ரீசெட் செய்யுங்கள்.