மழைத் தண்ணீர் இறங்கிய சம்ப்பைச் சுத்தம் செய்வது

வணக்கம் சார். முதுநகரில் உங்கள் 3000 லிட்டர் சம்ப்புக்குள் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) தெருத் தண்ணீர் இறங்கிவிட்டது, குடிநீருக்கு ஆர்ஓ சுத்திகரிப்பான் இருக்கிறதே போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. பல் துலக்குவதும் பாத்திரம் கழுவுவதும் அந்தச் சம்ப்புத் தண்ணீரில்தானே?

முதலில் மெயினை அணைத்துவிட்டு மோட்டாரை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். நனைந்த மோட்டாரைப் போட்டுப் பார்க்கவே கூடாது. சேற்றை வெளியே நின்றபடியே வாடகைப் பம்பு வைத்து உறிஞ்சுங்கள். மூடிக் கிடந்த சம்ப்புக்குள் காற்று கெட்டிருக்கும். தயவுசெய்து யாரையும் தனியாக இறக்காதீர்கள்.

சம்ப்பில் நல்ல தண்ணீர் நிரப்பி, 33 சதவீதக் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் அரை கிலோவை பிளாஸ்டிக் பக்கெட்டில் கரையுங்கள். கால் மணி நேரத்தில் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் சம்ப்பில் ஊற்றுங்கள். கட்டி தட்டிய பழைய பவுடரில் வீரியம் இருக்காது. ஆசிட், டாய்லெட் கிளீனர் எதையும் கூடச் சேர்க்காதீர்கள், விஷவாயு வரும்.

ஆர்ஓ வால்வை மூடுங்கள், குளோரின் அதன் மெம்பிரேனை (வடிகட்டும் சவ்வை) அரித்துவிடும். பிறகு அந்தத் தண்ணீரை மாடித் தொட்டிக்கு ஏற்றி, ஒவ்வொரு குழாயிலும் பிளீச்சிங் வாடை வரும்வரை திறந்துவிட்டு மூடி, இரவு முழுக்க அப்படியே விடுங்கள். காலையில் எல்லாவற்றையும் வெளியேற்றி அலசுங்கள்.

மறுபடி நிரப்பியதும் 20 கிராம் பவுடர் போதும். அரை மணி கழித்துக் குளோரின் கிட்டில் பாருங்கள்: லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். அதுவரை கொதிக்க வைத்தே குடியுங்கள். சம்ப்பு வாயைத் தரையிலிருந்து ஒரு அடியாவது உயர்த்திக் கட்டுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஐப்பசியிலும் இதே கதிதான்.