நெடுந்தொலைவு ஓட்டமும் ஒன்பது லிட்டர் தண்ணீரும்

கேள்வி: எனக்கு வயது 43. கரூரில் ஜவுளித் தொழில் செய்கிறேன். புற்றுநோய்ச் சிகிச்சை பெறும் குழந்தைகளுக்கு நிதி திரட்டுவதற்காக, வரும் தை மாதம் நண்பர்கள் ஆறு பேர் கன்னியாகுமரியிலிருந்து டெல்லி வரை, நாளுக்கு 40 கிலோமீட்டர் என்ற கணக்கில் ஓட இருக்கிறோம். இதற்கு ஒத்திகையாக இரு வாரங்களுக்கு முன் விடியற்காலை நாலரை மணிக்குக் கரூரில் புறப்பட்டு, பரமத்தி வேலூர் வழியாக நாமக்கல் வரை ஓடினேன். உடன் வந்த வேனில் இருந்தவர்கள் இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு முறை தண்ணீர் கொடுத்ததில் ஏறத்தாழ ஒன்பது லிட்டர் குடித்திருப்பேன். நாமக்கல் மலைக்கோட்டை கண்ணில் பட்ட நேரத்தில் கடுமையான தலைவலி வந்தது. இரண்டு முறை வாந்தி எடுத்தேன். விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை. நீர்ச்சத்துக் குறைந்துவிட்டது என்று நண்பர்கள் மேலும் இரண்டு பாட்டில் குடிக்கவைத்தார்கள். வீட்டுக்கு வந்து எடை பார்த்தால், காலையில் 68.2 கிலோவாக இருந்தது 69.6 ஆக இருந்தது. மறுநாள் காலை சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது, பிறகு சரியாகிவிட்டது. முழங்கால் வலிக்காக ஓடும்போது இரண்டு டைக்ளோஃபெனாக் மாத்திரை போட்டிருந்தேன். இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரையை நான்கு ஆண்டுகளாக எடுத்துவருகிறேன். நாளுக்கு எவ்வளவு நீர் குடிக்க வேண்டும்? வலி மாத்திரையைத் தொடரலாமா?

பதில்: எடை பார்த்து எழுதியது நல்லதாயிற்று, அந்த ஓர் எண் இல்லாமலிருந்தால் நானும் உங்கள் நண்பர்களைப் போல நீர்க்குறைவு என்றே நினைத்திருக்கக்கூடும். எட்டு ஒன்பது மணி நேரம் வியர்வை வழிய ஓடிய ஒருவரின் எடை ஒரு கிலோவாவது குறைந்திருக்க வேண்டும். உங்களுக்கு 1.4 கிலோ கூடியிருக்கிறது. குடித்த நீர் வெளியேறாமல் உடலிலேயே தங்கியிருக்கிறது என்பதுதான் இதன் பொருள். மோதிரம் இறுகியதும், தலைவலியும், வாந்தியும் அதற்குப் பொருந்தி வருகின்றன. அன்று இரத்தப் பரிசோதனை செய்யவில்லை என்பதால் உறுதியாகக் கூற இயலாது என்றாலும், இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போன நிலையாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. அப்படியானால், அப்போது கொடுக்கப்பட்ட அந்த இரண்டு பாட்டில் தண்ணீர் உங்கள் நிலையை மேலும் மோசமாக்கியிருக்கும்.

இரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். ஓய்வாக இருக்கும்போது சிறுநீரகத்தால் மணிக்கு முக்கால் லிட்டருக்கு மேலும் நீரை வெளியேற்ற முடியும். ஆனால் நீண்ட நேரம் ஓடும்போது நீரைப் பிடித்துவைக்கும் ஹார்மோன் சுரந்துகொண்டே இருப்பதால் அந்தத் திறன் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. விடியற்காலைக் குளிர்ச்சியில், காவிரிப் பாலத்துக் காற்றில், வியர்வையாகப் போனதைவிடக் கூடுதலாக நீங்கள் மணிக்கு ஒரு லிட்டர் குடித்துக்கொண்டிருந்தீர்கள். சோடியம் வேகமாக இறங்கினால் மூளை வீங்குகிறது. தலைவலியில் தொடங்குவது குழப்பமாகவும் வலிப்பாகவும் முற்றி, உயிருக்கே ஆபத்தாக முடியலாம். தென்னாப்பிரிக்காவில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் ஓடும் காம்ரேட்ஸ் ஓட்டத்தினரிடம் 1980-களிலேயே இது கண்டறியப்பட்டது. 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தான் முடிவில் இரத்தம் சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் 135 அல்லது அதற்கும் கீழே இருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியிருந்தவர்களுக்கே அது மிகுதியாக ஏற்பட்டிருந்தது.

எனக்கு இதைவிடக் கவலை தருவது, உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் சொல்லப்பட்டிருக்கும் இரத்த அழுத்த மாத்திரை. அதிலுள்ள ஹைட்ரோகுளோரோதயசைடு, சிறுநீர் வழியே சோடியத்தை வெளியேற்றும் நீர்பிரி மருந்து. வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக்கூடச் சில வேளை சோடியத்தை இறக்கிவிடும். டெல்மிசார்ட்டானும், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரையும், நீர்பிரி மருந்தும் ஒரே நாளில் ஓர் உடலில் சேர்ந்தால், சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் காக்கும் வழிகள் ஒரே நேரத்தில் அடைபடுகின்றன. மருந்து எதுவும் எடுக்காதவர்களுக்கே வலி மாத்திரை இப்படிச் செய்யக்கூடும் என்பதற்குச் சான்று உண்டு: 80 கிலோமீட்டர் ஓட்டத்தில் ஒரு பகுதியினருக்கு ஐபுபுரூஃபனும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து, 2017-இல் வெளியான ஆய்வில், ஐபுபுரூஃபன் எடுத்தவர்களில் 52 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 34 விழுக்காட்டினருக்கும் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு காணப்பட்டது. ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை எளிது: டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் இவற்றில் எதையும் ஓட்ட நாள்களில் தொடக்கூடாது. இரவில் வலி பொறுக்க முடியாமல் போனால் பாராசிட்டமால் போதும். அதற்கும் அடங்காத முழங்கால் வலிக்கு மருந்து, அடுத்த நாள் ஓடாமல் இருப்பதுதான்.

கடுங்காப்பி நிறச் சிறுநீரை நீங்கள் ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நான் அப்படிக் கடக்க மாட்டேன். அளவுக்கு மீறி உழைத்த தசைகள் சிதைந்து, அவற்றிலுள்ள மையோகுளோபின் என்ற புரதம் சிறுநீரில் இறங்கும்போது இந்த நிறம் வரும். அன்றோ மறுநாளோ சி.கே. என்ற தசை நொதியைப் பார்த்திருந்தால் தெளிவாகியிருக்கும். இத்தனை நாள் கழித்து அது இறங்கியிருக்கும். இருந்தாலும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் யூரியா, கிரியேட்டினின், இவற்றோடு சோடியம், பொட்டாசியம், சிறுநீர்ப் பரிசோதனை ஆகியவற்றை இந்த வாரமே செய்துகொள்ளுங்கள். பழைய கிரியேட்டினின் அறிக்கை வீட்டில் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துச் செல்லுங்கள். 43 வயதில் இரத்த அழுத்தமும் உள்ளவர் இரண்டு மாதத்துக்கும் மேல் ஓடப் போகிறார் என்றால் இ.சி.ஜி.யும் டிரெட்மில் பரிசோதனையும் தேவை. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். உங்களுக்கு அதை எழுதித் தந்த மருத்துவரிடம் ஓட்டத் திட்டத்தைச் சொல்லி, நீர்பிரி மருந்து சேராத வேறொன்றுக்கு, எடுத்துக்காட்டாக அம்லோடிபினுக்கு, மாற்ற இயலுமா என்று கேளுங்கள். மாற்றினால், புதிய மருந்தில் அழுத்தம் நிலைப்படுகிறதா என்று சில வாரங்களாவது பார்த்த பின்னரே புறப்பட வேண்டும்.

முதல் கேள்விக்கு லிட்டர் கணக்கில் விடை தர எனக்கு விருப்பமில்லை, ஏனெனில் மார்கழிப் பனியில் அரவக்குறிச்சியில் வியர்ப்பதும் மார்ச் மாத வெயிலில் நாகபுரியில் வியர்ப்பதும் ஒன்றல்ல. தாகம் எடுக்கும்போது குடியுங்கள். கிலோமீட்டர் கல்லைப் பார்த்துக் குடிக்க வேண்டாம். வேனில் ஓர் எடைக்கருவி இருக்கட்டும். காலையில் சிறுநீர் கழித்த பின்னும், ஓட்டம் முடிந்து வியர்வையைத் துடைத்து உலர்ந்த உடை மாற்றிய பின்னும் எடை பார்த்து ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். உங்கள் எடைக்கு ஒன்று முதல் ஒன்றரை கிலோ வரை குறைந்திருப்பது இயல்பு. அது இரவுக்குள் உணவாலும் நீராலும் ஈடாகிவிடும். இரண்டு கிலோவுக்கு மேல் குறைந்தால் மறுநாள் சற்றுக் கூடுதலாகக் குடிக்க வேண்டும். எடை குறையவே இல்லை என்றாலோ, கூடியிருந்தாலோ, தாராளமாகச் சிறுநீர் பிரியும் வரை தண்ணீரைத் தொடக்கூடாது. பழனிக்குப் பாதயாத்திரை செல்பவர்களைப் பந்தலுக்குப் பந்தல் உபசரிப்பது நம் பக்கத்து வழக்கம். வேனில் இருப்பவர்களும் அதே அன்போடுதான் பாட்டிலை நீட்டுவார்கள், நீங்கள்தான் மறுக்கப் பழக வேண்டும்.

உப்புப் போட்ட மோரும் கம்மங்கூழும் நல்லவை. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. ஒன்றிரண்டு குடிக்கலாம், ஆனால் வியர்வையில் போன உப்பை அது ஈடுசெய்யும் என்று நம்ப வேண்டாம். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் அச்சிட்டபடியே கரைக்க வேண்டும். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை இரண்டு லிட்டரில் கரைப்பது பயனைக் கெடுக்கும். அதிலும் சோடியம் லிட்டருக்கு 75 மில்லிமோல்தான்; இரத்தத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதி. அளவு மீறிக் குடித்தால் உப்புக் கரைசலும் சோடியத்தை இறக்கும் என்பதைப் பலர் அறிவதில்லை.

வேனில் வரும் நண்பர்களுக்கு இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள். ஓடுபவர் பேச்சுத் தடுமாறினாலோ, இடம் தெரியாமல் விழித்தாலோ, வலிப்பு வந்தாலோ 108-ஐ அழைக்க வேண்டும். தோல் நெருப்பாகக் கொதித்தால் அது வெப்ப வாதமாக இருக்கலாம். நிழலில் கிடத்தி, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக் குளிரவைப்பதை அங்கேயே, அந்த நொடியே தொடங்க வேண்டும், ஆம்புலன்ஸ் வரும் வரை காத்திருக்கக்கூடாது. நினைவு தடுமாறியவரின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். மருத்துவமனையில், "நெடுநேரம் ஓடினார், நிறையத் தண்ணீர் குடித்தார், சோடியம் பாருங்கள்" என்று முதலிலேயே சொல்லுங்கள். சோடியம் இறங்கியவருக்குச் சாதாரண குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவது ஆபத்து, 3 விழுக்காட்டு உப்புக் கரைசலே அவசரச் சிகிச்சை.

நீங்கள் ஓடலாமா என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பரிசோதனைகள் சரியாக இருந்து மருந்தும் மாற்றப்பட்டால் ஓடலாம், ஆனால் நாள் தவறாமல் 40 கிலோமீட்டர் என்ற கணக்கைக் கைவிட்டு, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வையுங்கள். நீங்கள் ஆறு பேர், ஒருவர் விட்டதை மற்றவர் ஓட முடியும். நடுவில் நிறுத்தினால் நன்கொடை நின்றுவிடும் என்ற அச்சம் உங்களுக்கு இருக்கலாம். புற்றுநோயால் ஒரு காலை இழந்த கனடா இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ், 1980-இல் செயற்கைக் காலோடு 143 நாள்களில் 5,373 கிலோமீட்டர் ஓடி, நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நாட்டைக் கடந்து முடிக்கும் முன்பே நிறுத்த நேர்ந்தது. நிதியின் பெரும்பகுதி அதன் பிறகே சேர்ந்தது. 1981 பிப்ரவரிக்குள் அது 2.4 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. பரிசோதனை முடிவுகள் வந்ததும், எடைக் குறிப்பேட்டின் முதல் இரு வாரப் பக்கங்களோடு எனக்கு மீண்டும் எழுதுங்கள்.