விளையாட்டு மேலாண்மைப் படிப்புக்கு வீட்டை அடமானம் வைக்கலாமா?

கேள்வி: திருமங்கலத்தில் அரிசிக் கடை வைத்திருக்கிறேன். வணிகவியல் பிரிவில் பிளஸ் டூ முடிக்கும் என் மகன், மாவட்ட அளவில் ஹாக்கி ஆடியவன். விளையாட்டுத் துறையிலேயே வேலை பார்க்க வேண்டும் என்று, பெங்களூரில் ஒரு தனியார் கல்லூரியில் விளையாட்டு மேலாண்மை பி.பி.ஏ. சேர விரும்புகிறான். விடுதியோடு மூன்றாண்டுக்கு 9 லட்சம் ஆகும். கையில் 3 லட்சம் வைப்பு நிதியும் மனைவியின் 20 பவுன் நகையும் உண்டு. வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கல்விக் கடன் வாங்கலாமா?

பதில்: மகனின் விருப்பத்தைத் தடுக்க வேண்டாம், வீட்டுப் பத்திரத்தை மட்டும் வெளியே எடுக்க வேண்டாம்.

ஆண்டுக்கு 3 லட்சமாக 9 லட்சத்தையும் 10.5 சதவீத வட்டியில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். படிக்கும் காலத்திலும் அதற்கடுத்த ஓராண்டிலும் வங்கி தவணை கேட்காது என்றாலும் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். தனிவட்டிக் கணக்கிலேயே அது 2,83,500 ரூபாய் ஆகிறது. அதை அசலோடு சேர்த்துப் பத்தாண்டில் அடைப்பதானால் மாதத் தவணை ஏறக்குறைய 16,000 ரூபாய். வெளியூரில் அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் போக, புதிதாக வேலையில் சேர்ந்த ஒரு பி.பி.ஏ. பட்டதாரி இதைக் கட்டுவது கடினம். கடைசியில் உங்கள் கடைக் கல்லாவிலிருந்துதான் போகும். கல்விக் கடன் வட்டிக்கு வரிக் கழிவு உண்டே என்று யாராவது சொன்னால், அது பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டுமே என்பதை நினைவில் வையுங்கள்.

2025 நவம்பர், டிசம்பரில் நம் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி நடந்ததை உங்கள் மகன் நிச்சயம் பார்த்திருப்பார். அணிகளைத் தங்குமிடத்திலிருந்து அழைத்து வருவது, பார்வையாளர்களை ஒழுங்குபடுத்துவது, ஒளிபரப்புக் குழுவுக்கு வேண்டியதைச் செய்து கொடுப்பது என்று இத்தகைய போட்டிகளுக்கு ஏராளமான ஆட்கள் தேவைப்பட்டாலும், அவர்களில் பெரும்பாலோரின் வேலை இறுதி ஆட்டத்தோடு முடிந்துவிடும். ஐ.பி.எல்.கூட ஆண்டுக்குச் சுமார் இரண்டு மாதம்தான். ஆண்டு முழுவதும் நிலைப்பவை கணக்கு, ஒப்பந்தம், விளம்பரதாரர்களைப் பிடிப்பது, புள்ளிவிவரம் போன்ற வேலைகள். அவற்றுக்கு பி.காம். படித்தவர் தாராளமாகப் போகலாம். விளையாட்டில் இடம் கிடைக்காவிட்டால் அதே பட்டத்தோடு வேறு துறைக்கும் போகலாம்.

ஆகவே அமெரிக்கன் கல்லூரி, தியாகராசர் கல்லூரி, மதுரைக் கல்லூரி போன்றவற்றில் அரசு உதவி பெறும் பிரிவில் பி.காம். இடத்துக்கு முயலுங்கள்; மாவட்ட அளவில் ஆடிய சான்றிதழையும் விண்ணப்பத்தோடு இணையுங்கள். சுயநிதிப் பிரிவில் கட்டணம் கூடும், ஆனால் 9 லட்சத்தின் பக்கத்தில்கூட வராது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்தவர் என்றால், தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். காமராசர் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் பதக்கம் வென்றால், ரயில்வே போன்ற இடங்களில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு அது கைகொடுக்கும். நம் சக்கிமங்கலம் ரேவதி வீரமணி, லேடி டோக் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டே ஓடி, ரயில்வே பணியில் சேர்ந்து, டோக்கியோ ஒலிம்பிக் வரை சென்றவர்.

பட்டம் முடியும்போது மகனுக்கு 21 வயது இருக்கும். எந்தப் பக்கம் போவது என்பது அப்போது தெளிவாகத் தெரியும். பள்ளியில் பி.டி. ஆசிரியராக வேண்டுமானால் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம் போன்ற இடத்தில் இரண்டாண்டு பி.பி.எட்.; பயிற்சியாளராக வேண்டுமானால் பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோ; நிர்வாகம்தான் என்றால் முதுநிலையில் விளையாட்டு மேலாண்மை. உயிரியல் படிக்காததால் பிசியோதெரபி கணக்கில் வராது. பணம் உண்மையில் தேவைப்படுவது இந்தக் கட்டத்தில்தான் என்பதால் வைப்பு நிதியை மூன்றாண்டுக்குப் புதுப்பித்து, நகையைத் தொடாமல் வையுங்கள்.

பெங்களூர்தான் என்று மகன் உறுதியாக நின்றால், முன்பணம் கட்டுவதற்கு முன்னால், சென்ற மூன்றாண்டுகளில் வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர், எந்த நிறுவனத்தில், என்ன சம்பளத்தில் என்பதைக் கல்லூரியிடம் எழுத்தில் கேளுங்கள். மத்திய அரசின் கல்விக் கடன் திட்டமான பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தின் பட்டியலில் அக்கல்லூரி இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் பிணையும் ஜாமீன்தாரரும் இல்லாமலே கடன் கிடைக்கும், குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 3 சதவீத வட்டி மானியத்துக்கும் விண்ணப்பிக்கலாம். அப்போதும் கடன் 4 லட்சத்தைத் தாண்டக் கூடாது. வைப்பு நிதி 3 லட்சத்தையும் கழித்தால் 2 லட்சம் மிஞ்சுகிறது. அதற்காக மூன்றாண்டுகள் மாதந்தோறும் 5,600 ரூபாயைக் கடை வருமானத்திலிருந்து ஒதுக்க முடியுமா என்பதை உங்கள் கணக்கு நோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.