படம் பிடித்தீர்கள், சரி

கேள்வி: பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார வந்த ஒரு வெளிநாட்டு ஊழியரை, நாற்றம் அடிக்கிறது, தள்ளிப் போ என்று ஒரு பெண்மணி விரட்டினார். எனக்கு ரத்தம் கொதித்தது. முழுவதையும் கைப்பேசியில் பதிவு செய்துவிட்டேன். ஃபேஸ்புக்கில் போட்டு அந்த அம்மாவுக்குப் பாடம் கற்பிக்கலாமா?
(வாசகி, ஈசூன், சிங்கப்பூர்)

பதில்: விரட்டப்பட்டவர் அப்புறம் எங்கே உட்கார்ந்தார்? ரத்தம் கொதித்ததை எழுதிய நீங்கள் அதை எழுதவில்லை.

முதலில் சட்டம். 2014இல் வந்த துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தை 2019இல் திருத்தினார்கள். தொல்லை தரும் நோக்கத்தோடு ஒருவரை அடையாளம் காட்டும் விவரங்களை வெளியிட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். முகம் தெரியும் காணொளியும் அடையாள விவரத்தில் சேர்த்தி. நோக்கத்தை நீங்களே 'பாடம் கற்பிக்க' என்று கைப்பட எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்!

தேக்கா உணவங்காடியில் ஒருநாள் பார்த்தேன். மேசையில் தேநீர் சிந்திக் கிடந்ததற்காக, துப்புரவு வேலை செய்யும் பெரியவரை ஒருவர் வாங்கு வாங்கென்று வாங்கினார். நாங்கள் பத்துப் பேர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தோம் (என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்). பானக்கடை அம்மா துணியோடு வந்தார். "அண்ணே, நீங்க அந்தப் பக்கம் போங்க, நான் தொடச்சிக்கிறேன்" என்று பெரியவரிடம் சொன்னார். பிறகு, குரலை உயர்த்தாமலே, கத்தியவரிடம்: "உங்களுக்கு என்ன தம்பி வேணும், காப்பியா டீயா?" அவ்வளவுதான். அந்த ஆளுக்குக் கத்த யாரும் மிச்சமில்லை. டீ என்றார்.

அந்த அம்மா முதலில் யாரிடம் பேசினார், கவனித்தீர்களா? பேருந்தில் நீங்களும் அந்தப் பெண்மணியோடு மல்லுக்கு நின்றிருக்க வேண்டியதில்லை. "தம்பி, இங்க வந்து உக்காருங்க" என்று தமிழிலேயே சொல்லியிருக்கலாம். அவர் பங்களாதேஷ்காரராக இருந்தாலும் கை காட்டினால் புரிந்திருக்கும். வானொலியில் ஒரு ளகரம் பிசகினால் நான்கு பக்கம் கடிதம் எழுதுகிற நமக்கு, பேருந்தில் மட்டும் மொழி வராமல் போய்விடுகிறது.

எல்லா இடத்திலும் வாய் கொடுக்கச் சொல்லவில்லை. குடிபோதை, கையில் ஆயுதம் என்றால் ஒதுங்கி நின்று காவல்துறையின் 999ஐ அழையுங்கள். பேசுவது ஆபத்து என்றால் 70999க்குக் குறுஞ்செய்தி. நீங்கள் பார்த்தது அந்த ரகமில்லை.

பதிவை அழிக்க வேண்டாம். அந்த ஊழியர் புகார் கொடுத்துக் காவல்துறை கேட்டால் உதவும். ஃபேஸ்புக் வேண்டாம். அவர் எங்கே உட்கார்ந்தார் என்பது அதில் பதிவாகியிருக்கிறதா, பார்த்து எழுதுங்கள்.