துறைமுகக் குடியிருப்புகளில் நட்பு எப்படி உருவாகிறது?

"ஏழைகள் வாழும் துறைமுகக் குடியிருப்புகளில் எவ்வளவு கஷ்ட காலத்திலும் மக்கள் ஒருவரையொருவர் கைவிடுவதில்லை என்கிறார்களே, வறுமைதான் அந்த நட்பை உண்டாக்குகிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வறுமை அல்ல, அங்கே பிழைப்பு நடக்கும் விதமே காரணம் என்று நினைக்கிறேன். நான் கப்பல்களில் சுமை ஏற்றி இறக்கிய ஒருவரின் மகன். அதிகாலையில் துறைமுக வாசலில் போய் நின்றால் அப்பாவைக் கூப்பிடும் நாளும் உண்டு, கூப்பிடாத நாளும் உண்டு. கூப்பிடாத நாளில் அவர் திரும்பி வரும் நடையிலேயே அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிடும். அன்று வேலை கிடைத்த வீட்டிலிருந்து மாலையில் கைமாற்றாகப் பணம் வரும். அடுத்த வாரமே அது எங்கள் வீட்டிலிருந்து அங்கே போகும். சீட்டும் இல்லை, வட்டியும் இல்லை. கணக்கு முழுவதும் பெண்களின் மனத்தில்தான் இருந்தது. வேலை இல்லாத நாள் வீட்டுக்கு வீடு மாறி மாறி வந்ததால்தான் இந்தச் சுழற்சி அறுபடாமல் ஓடியது என்பதைப் பிற்காலத்தில் உணர்ந்தேன்.

எல்லா வீடுகளிலும் ஒரே நாளில் வருமானம் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு 1889ஆம் ஆண்டு லண்டன் துறைமுக வேலைநிறுத்தத்தைப் பார்க்கலாம். அங்கும் தினமும் வாசலில் கூடி நிற்பவர்களில் சிலரை மட்டுமே, அதுவும் சில மணி நேர வேலைக்கே, எடுத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. மணிக்கு 6 பென்சு கூலியும், எடுத்தால் குறைந்தது 4 மணி நேர வேலையும் வேண்டும் என்று கேட்டு ஆகஸ்ட் மாதம் அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். அண்டை வீட்டாரிடமும் கொடுக்க எதுவும் இல்லாதபோது கைமாற்றுக்கு வழியேது? வீட்டுக்காரர்கள் வாடகை கேட்டு வர வேண்டாம் என்று தெருவில் பதாகை கட்டினார்கள். போராட்டக் குழு உணவுச் சீட்டுகளை வழங்கியது. ஆனாலும், கடல் கடந்து ஆஸ்திரேலியத் தொழிலாளர்களும் அவர்களுடைய ஆதரவாளர்களும் திரட்டி அனுப்பிய சுமார் 30,000 பவுண்டு வந்து சேர்ந்திராவிட்டால், செப்டம்பர் நடுவில் கிடைத்த வெற்றிவரை அவர்கள் தாக்குப்பிடித்திருப்பார்களா என்பது ஐயமே. அக்கம்பக்கத்து அன்பு எல்லாவற்றையும் தாங்கும் என்று சொல்பவர்களிடம் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

என் மனத்துக்கு இன்னும் நெருக்கமானவர் கிட்டி வில்கின்சன். அயர்லாந்திலிருந்து சிறுவயதில் லிவர்பூலுக்கு வந்து, துறைமுகத்தை ஒட்டிய ஓர் ஏழைத் தெருவில் வாழ்ந்தவர். 1832இல் காலரா பரவியபோது, அந்தத் தெருவில் தண்ணீர் கொதிக்கவைக்கும் பெரிய கொப்பரை அவர் வீட்டில் மட்டுமே இருந்தது. நோயாளிகளின் துணிகளையும் படுக்கை விரிப்புகளையும் அங்கே கொண்டுவந்து துவைத்துக்கொள்ளலாம் என்று அவர் வீட்டைத் திறந்துவிட்டார். காலராவுக்கு நுண்ணுயிரியே காரணம் என்பது மருத்துவ உலகம் இன்னும் அறியாத காலம் அது. 1842இல் லிவர்பூலில் பொதுக் குளியலறைகளும் சலவைக்கூடமும் சேர்ந்த ஒரு கட்டடம் எழுந்ததற்கு அந்தக் கொப்பரையே தொடக்கம். 1846இல் அங்கே கண்காணிப்பாளர் பொறுப்பும் அவரிடம் வந்தது.

அவர் துவைக்க வந்தவர்களிடம் வாரத்துக்கு ஒரு பென்னி பெற்றுக்கொண்டார் என்பது சிலருக்கு நெருடலாகப்படுகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஒரு பென்னியைக் கொடுத்தவள் தலைநிமிர்ந்து மறுவாரமும் வந்திருப்பாள்.

எங்கள் வரிசையில் கணவரை இழந்த ஓர் அக்கா தனியாக இருந்தார். அவர் வீட்டிலிருந்து துறைமுக வாசலுக்குப் போக ஆள் இல்லை. வாங்கினால் திருப்பித் தர வழியில்லை என்பதால் அவர் யாரிடமும் கைமாற்றும் கேட்டதில்லை. கொஞ்ச நாளில் பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பிள்ளைகளைப் பகலில் அவரிடம் விட ஆரம்பித்தார்கள். மாலையில் அழைத்துவரப் போகும்போது கையில் ஏதாவது கொண்டுபோனார்கள். அவருக்கு உதவத்தானே அப்படிச் செய்தீர்கள் என்று பல ஆண்டுகள் கழித்து அம்மாவிடம் கேட்டேன். "பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா?" என்று மட்டும் சொன்னார்.