489 பெரிது, 332 சிறிது என்று பயப்பட வேண்டாம்

திருச்சி தில்லை நகரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மனைவி, இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள தாயார் என்று ஐந்து பேர். அடுக்குமாடியில் சொந்த வீடு, சொந்த பார்க்கிங். தினமும் 40 கி.மீ. ஓட்டம், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சென்னை. டாடா நெக்ஸான் இவி 45, எம்ஜி வின்ட்சர் 38 இரண்டும் ஷோரூம் விலையில் 14 லட்சத்தை ஒட்டி வருகின்றன. நெக்ஸான் ஒரு சார்ஜில் 489 கி.மீ., வின்ட்சர் 332 என்கிறார்கள். ஒரே விலைக்கு 157 கி.மீ. குறைவாக ஏன் வாங்க வேண்டும்?"

அந்த 157 கி.மீ. உங்கள் சாலையில் கிடையாது. அது சோதனைக்கூடத்துக் கணக்கு. உருளைகளின் மேல் காரை நிறுத்தி, குறித்த வேகங்களில் ஓட்டி எடுப்பது. அந்த ஓட்டத்தில் வேகம் 90 கி.மீ.யைத் தாண்டுவதே இல்லை. டாடா நிறுவனமே நெக்ஸானுக்கு 'சி75' என்ற பெயரில், அதாவது நூற்றுக்கு 75 பேருக்குச் சாலையில் கிடைக்கும் தூரம் என்று, 350 முதல் 370 கி.மீ. என்ற இன்னொரு எண்ணையும் தருகிறது. விளம்பரத்தில் எது பெரிய எழுத்தில் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

நீங்கள் மின்கட்டண அட்டையில் பார்க்கும் அதே யூனிட்டில் கணக்குப் போடுங்கள். வின்ட்சர் பேட்டரியில் 38 யூனிட், நெக்ஸானில் 45. ஐந்து பேர், ஏசி, மணிக்கு 95 கி.மீ. வேகம் என்றால் யூனிட்டுக்கு ஆறு கி.மீ.யும் கொஞ்சமும் வரும். அதாவது ஒன்றுக்கு ஏறக்குறைய 240, மற்றதற்கு 285. பேட்டரியைச் சுத்தமாகத் துடைத்து ஓட்ட முடியாது. கொஞ்சம் மிச்சம் வைத்தால் 200, 240. உங்கள் பயணத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இந்த 40 கி.மீ.தான். சென்னை 330 கி.மீ. இரண்டு காரும் வழியில் ஒருமுறை நின்றுதான் ஆகவேண்டும். பாதி வழியில் விழுப்புரம் பக்கம் சாப்பிட நிற்பீர்கள். அங்கே வின்ட்சருக்கு அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் பிடிக்கும். நெக்ஸானுக்கு 20 நிமிடம் போதும். பிள்ளைகள் கை கழுவி வரவே அவ்வளவு நேரம் ஆகிவிடும்.

சார்ஜ் போடும் இடத்தில் உண்மையான தொல்லை வேறு. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி ஆப், தனி வாலட், அதில் முன்பணம். பெட்ரோல் பங்கில் நோட்டை நீட்டிவிட்டுப் போகும் நாட்டில் மின்சாரம் வாங்க மட்டும் கடவுச்சொல் கேட்கிறார்கள். போதாததற்கு 18 சதவீத ஜிஎஸ்டி. மின்சாரக் கார் வாங்கு என்று ஒரு கையால் தள்ளி, சார்ஜ் போடும்போது மறு கையால் வரி பிடுங்கும் இந்த முறைக்கு என்ன பொருள் என்று எனக்கு விளங்கவில்லை. மூன்று ஆப்களைப் புறப்படுவதற்கு முந்தைய நாளே நிறுவிப் பணம் போட்டு வையுங்கள்.

வீட்டுக்கு வருவோம். ஷோரூமில் 7.2 கிலோவாட் சார்ஜர் இல்லாமல் வாழவே முடியாது என்பார்கள். உங்களுக்கு அது வேண்டாம். 40 கி.மீ. ஓட ஆறு, ஏழு யூனிட் செலவாகும். ஏசிக்குப் போடும் சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் அது இரண்டரை மணி நேர வேலை. இரவு செருகினால் நடுநிசிக்குள் முடிந்துவிடும். பெரிய சார்ஜர் கேட்டால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் மின்சுமையைக் கூட்டச் சொல்லி விண்ணப்பம், கட்டணம், "உதவிப் பொறியாளர் சைட்டுக்குப் போயிருக்கிறார்" என்ற பதில், குடியிருப்போர் சங்கத்தின் தடையில்லாக் கடிதம் என்று ஒரு மாதம் போகும். சார்ஜர் இலவசம் என்றாலும், அதைப் பொருத்த எத்தனை மீட்டர் ஒயர் வரை இலவசம் என்று கேளுங்கள். உங்கள் மீட்டர் பெட்டி ஒரு மூலையிலும் பார்க்கிங் மறு மூலையிலும் இருந்தால் பில் அங்கே தொடங்கும். சொந்த மீட்டரிலிருந்து தனி ஒயர், சுமை மிஞ்சினால் துண்டிக்கும் தனி எம்சிபி, கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் ஆர்சிசிபி, ஒழுங்கான எர்த்திங் ஆகியவற்றை உங்களுக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். எர்த்திங் சரியில்லாவிட்டால் கார் சார்ஜே ஏறாமல் அடம்பிடிக்கும். பழி கார் மேல் விழும்.

மின்கட்டணம் உயரும். இரண்டு மாதத்துக்கு 350, 400 யூனிட் கூடினால் 500 யூனிட் கோட்டைத் தாண்டி உயர்ந்த வீதத்துக்குள் போவீர்கள். போகட்டும். யூனிட் பத்து ரூபாயே ஆனாலும் கி.மீ.க்கு ஒன்றரை ரூபாய். லிட்டருக்கு 15 கி.மீ. தரும் பெட்ரோல் காரில் ஏழு ரூபாய்க்குப் பக்கம்.

ஆக, முடிவு செய்ய வேண்டியது தூரத்தை வைத்து அல்ல, பின் சீட்டை வைத்து. நெக்ஸான் பெட்ரோல் காராகப் பிறந்தது. பிறகு அடியில் பேட்டரி வைத்தார்கள். பின்னால் உட்கார்ந்தால் தரை உயர்ந்து முழங்கால் மேலே வரும். முன் பின் சக்கரங்களுக்கு இடையே 2,498 மி.மீ.; வின்ட்சரில் 2,700. டிக்கி 350 லிட்டருக்கு எதிரே 604. முழங்கால் வலியுள்ளவர் ஆறு மணி நேரம் உட்கார வேண்டிய காரில் இதைவிடப் பெரிய கணக்கு இல்லை. உங்கள் வீட்டுக்கு வின்ட்சர்தான் என் தேர்வு. அதே விலையில் நெக்ஸானுக்கு உள்ள வலு, 2024இல் பாரத் என்கேப் மோதல் சோதனையில் வாங்கிய ஐந்து நட்சத்திரம்: பெரியவர் பாதுகாப்பில் 32க்கு 29.86, குழந்தைகளுக்கு 49க்கு 44.95. வின்ட்சர் விற்பவரிடம் அதுபோன்ற மதிப்பெண் தாளைக் காட்டச் சொல்லுங்கள். நெடுஞ்சாலை ஓட்டம் இதைவிட அதிகமாக இருந்திருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே நான் மறுபக்கம் சாய்ந்திருப்பேன். இதற்கிடையில் 52.9 யூனிட் வின்ட்சர் புரோவைக் காட்டுவார்கள். அது உங்கள் பட்ஜெட் அல்ல, திரும்பிப் பார்க்காதீர்கள்.

கார் தேர்வில் நீங்கள் தவறினால் ஒரு சிறு வருத்தம். கொட்டேஷன் தாளில் தவறினால் 50,000 ரூபாய். நான் இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். இருந்தும் வாரம் ஒருவர் ஏமாந்து வருகிறார். 'ஹேண்ட்லிங்' என்று ஒரு வரி இருக்கும். காரைத் தன் யார்டிலிருந்து தன் ஷோரூமுக்குக் கொண்டுவந்ததற்கு உங்களிடம் கூலி. அடித்துவிடச் சொல்லுங்கள். 'எசென்ஷியல் கிட்' என்று மிதியடியும் வாசனைப் புட்டியும் வரும், அதையும் அடியுங்கள். சாலை வரி விலக்கை நம் அரசு தேதி வைத்தே தருகிறது: முதலில் 2022 டிசம்பர் 31, பிறகு 2025 டிசம்பர் 31. எனவே பதிவு நாளில் நடப்பிலுள்ள அரசாணையைக் கேட்டுவிட்டு அந்த வரியைச் சரிபாருங்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஒரு சதவீதம் டிசிஎஸ், அதாவது விற்பவர் வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி, பிடிப்பார்கள். அது மோசடி அல்ல. வருமான வரிக் கணக்கில் உங்கள் பேரில் வரவாகும். ஆனால் "கார் கடன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் வரிக் கழிவு உண்டு சார்" என்று ஒருவர் சொல்வார். 80இஇபி என்ற அந்தப் பிரிவு 2023 மார்ச் 31க்குள் அனுமதியான கடன்களுக்கு மட்டும். அதை இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

காப்பீடு பெரிய கொள்ளை. "எங்களிடம் எடுத்தால்தான் பணமில்லா பழுதுபார்ப்பு" என்பது பொய். அது காப்பீட்டு நிறுவனத்துக்கும் பணிமனைக்கும் உள்ள ஏற்பாடு. விற்றவருக்கு அதில் வேலையில்லை. வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்டு அந்தத் தாளை மேசையில் வையுங்கள், தொகை தானாக இறங்கும். மூன்றாம் நபர் காப்பீட்டில் மின்சாரக் காருக்கு 15 சதவீதத் தள்ளுபடி போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். வெள்ளநீர் புகுந்து பேட்டரி கெட்டால் ஏற்பார்களா என்பதை வாய்ச்சொல்லாக அல்ல, பாலிசியின் எந்த வரியில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக வின்ட்சரின் வாடகை பேட்டரி. 2024 செப்டம்பரில் அது வந்தபோது முழு விலை 13.5 லட்சம், பேட்டரி இல்லாமல் 9.99 லட்சம், மேலே கி.மீ.க்கு 3.50 ரூபாய். வித்தியாசம் மூன்றரை லட்சம். அதை மூன்றரையால் வகுங்கள்: ஒரு லட்சம் கி.மீ. இது தள்ளுபடி அல்ல, ஓடோமீட்டரில் கட்டிய கடன். குறைந்தபட்ச மாதக் கி.மீ. என்று ஒப்பந்தத்தில் இருந்தால், கார் வீட்டில் நின்றாலும் வாடகை ஓடும். விற்கும்போது வாங்குபவர் அந்த ஒப்பந்தத்தையும் சுமக்க வேண்டும், அல்லது நீங்கள் தீர்த்துக்கொடுக்க வேண்டும். உங்களுக்கு வேண்டாம்.

ஒருவருக்கு மட்டும் இது பொருந்தும். அலுவலக வேலைக்காகச் சொந்தக் காரை ஓட்டி, கி.மீ. கணக்கில் நிறுவனத்திடம் பணம் வாங்கும் களப்பணியாளர். மருந்து விற்பனைப் பிரதிநிதி, கட்டுமான மேற்பார்வையாளர் போன்றோர். மாதம் 1,500 கி.மீ. ஓடினால் வாடகை 5,250 ரூபாய். பெட்ரோல் பில் போல அதையும் மாதாமாதம் நிறுவனத்திடம் கொடுத்து வாங்கிவிடலாம். வீட்டுக் கடன் இருப்பதால் வங்கி கார் கடனைக் குறைத்துத் தரும் நிலையில் அவருக்கு மூன்றரை லட்சம் குறைவான கடன் ஒரு நிம்மதி. அதற்கும் நிபந்தனை உண்டு: வாடகை ரசீது அவர் பெயரில் வர வேண்டும், அதை ஏற்பதாக நிறுவனம் எழுத்தில் தர வேண்டும், வேலை மாறினால் ஒப்பந்தத்தை எவ்வளவு கட்டி முடிக்கலாம் என்பது தாளில் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லையென்றால் அவரும் முழு விலை கொடுத்தே வாங்கட்டும்.

'வாழ்நாள் பேட்டரி உத்தரவாதம்' என்பது முதல் உரிமையாளருக்குத்தான்.

முன்பணம் கட்டும் முன், தாயாரைப் பின் சீட்டில் உட்காரவைத்து அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வின்ட்சர் நெக்ஸானைவிட 30 செ.மீ. நீளம் என்பதால் உங்கள் பார்க்கிங்கை டேப் வைத்து அளந்துவிடுங்கள்: 4,295 மி.மீ. காருக்குப் பின்னால் டிக்கி திறக்கவும் இடம் வேண்டும். கார் வந்ததும் தயாரித்த மாதத்தைப் பாருங்கள். யார்டில் மாதக்கணக்கில் நின்ற வண்டியென்றால் மாற்றித் தரச் சொல்லிவிட்டுத்தான் மீதிப் பணம்.